மாதிரிக்கு ஒரு பெயர்

எங்கள் பகுதியில் யாராவது மௌத்தானால், அந்தச் சாவு வீட்டாருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் அது தெரியவரும். நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை, பள்ளிவாசலிலும் எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை. டிசைன் படிக்கிறவள். கொழும்பில் ஓர் இடத்தில் இணையவழியாக நடத்தும் இரண்டு வருட டிப்ளோமா. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் லெப்டொப்பின் முன்னால் உட்கார்ந்தபடியே படிப்பு நடந்தது. அதோடு காலை வேளைகளில் கல்முனையில் ஒரு கொமியுனிகேஷனில் வேலை. போட்டோப் பிரதி, லெமினேட், கல்யாணக் கார்ட், மதரஸா பரிசளிப்பு விழாவுக்கு பேனர் என்று அங்கே எல்லாம் நடக்கும். ஜனாஸா அறிவித்தல், அதாவது மரண அறிவித்தல், என் கைக்கு வந்ததும் அங்கே வைத்துத்தான்.

முன்பெல்லாம் மௌத்துச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இப்போதும் சொல்கிறார்கள். ஆனால் சனம் நம்புவது வட்ஸ்அப்பை. ஒரு நாள் பள்ளிவாசல் செயலாளர் கடைக்கு வந்து, "எல்லாரும் ஆளுக்கொரு மாதிரி டைப் பண்ணி அனுப்புறாங்க, ஒண்டும் விளங்குதில்ல. வடிவா ஒரு நோட்டீஸ் செஞ்சி தாங்களன் மகள்" என்றார். செய்து கொடுத்தேன். ஒரு தடவை செய்தால் போதும் என்று நினைத்தேன், அதுதான் என் புத்தி. அன்றிலிருந்து விபரம் முழுவதும் என் ஃபோனுக்கே வர ஆரம்பித்தது. பெயர், யாருடைய மகன், யாருடைய மனைவி, எந்த மையவாடியில் அடக்கம், எத்தனை மணிக்கு. பத்து நிமிடத்துக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும். மௌத்துக்கு வெள்ளி, போயா என்று லீவு கிடையாது.

அழுகுரலோடு வருகிற கோலை எடுத்து, "பேரை ஒருக்கா எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க" என்று கேட்கிற அளவுக்கு நான் வந்துவிட்டேன். ஒரு தடவை, தாயை இழந்த ஒருவர் விம்மிக்கொண்டே சொல்ல, நான் மறுகையால் பாணைக் கறியில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டு டைப் செய்தேன். அனுப்பி முடித்த பிறகுதான் அதை உணர்ந்தேன். அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் வந்த அறிவித்தலையும் அப்படித்தான் செய்தேன், களைப்பு மனிதரை அப்படி ஆக்கிவிடும்.

அந்த அறிவித்தலில் நான் செய்த ஒரே மாற்றம் ஒரு சொல்லை எடுத்ததுதான். அதற்குக் காரணம் என் வாப்பா.

வாப்பா கல்முனையில் ஒரு பசளைக் கடையில் நிற்கிறவர். பட்டன் ஃபோன் வைத்திருப்பவர், வட்ஸ்அப் இல்லை. அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் பொத்துவிலில் இருந்தார். இருவரும் இளந்தாரிகளாக இருந்த காலத்தில் ஒரே நெல் ஆலையில் மூட்டை தூக்கியவர்கள். அவர் மௌத்தான அறிவித்தல் யார் யாரோ கைமாறி எங்கள் குடும்ப குரூப்புக்கு வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "இன்று அஸர் தொழுகையைத் தொடர்ந்து", அதாவது பின்னேரத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று இருந்தது. வாப்பா உடனே சாரனை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே அஸருக்குப் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசலில் வழக்கமான தொழுகை முடிந்து ஆட்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். ஜனாஸா முதல் நாளே அடக்கப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்தது ஒரு நாள் பழசு. அதில் இருந்த "இன்று" நேற்றைய இன்று.

திரும்பி வந்த வாப்பா, "நேத்தாம்" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை, வாசித்துக் காட்டியது நான் அல்லவா. மறுநாள் என் நோட்டீஸிலிருந்து "இன்று" என்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, கிழமையையும் திகதியையும் கொட்டை எழுத்தில் போட்டேன். செயலாளர் சம்மதிக்கவில்லை. "இன்று எண்டாத்தான் சனம் ஓடிவரும் மகள்" என்றார். ஓடி வந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு நான் அசையவில்லை.

இதெல்லாம் ஒரு டிசைன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டிப்ளோமாவின் கடைசி வேலை டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ. அதாவது, நாங்கள் செய்தவற்றைக் காட்டும் ஓர் இணையப் பக்கம். ஒவ்வொரு வேலைக்கும் என்ன பிரச்சினை, யாருக்குப் பிரச்சினை, எப்படித் தீர்த்தோம் என்று கதை எழுத வேண்டும். வகுப்பில் எல்லோரும் இல்லாத கோப்பிக் கடைக்கு லோகோ செய்தார்கள். நானும் செய்தேன். எங்கள் வீட்டில் பிளேன்டீ தவிர வேறொன்றும் கிடையாது. பிறகு ரயிலில் ஆசனம் பதிவு செய்யும் ஆப் ஒன்று செய்தேன். எங்கள் ஊருக்கு ரயிலே இல்லை. விரிவுரையாளர் திரையில் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க கடைசியா ரயில்ல போனது எப்ப?" என்று கேட்டார். ஒருபோதும் போனதில்லை என்றேன். வகுப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். லெப்டொப்பை மூடியபிறகு அழுகை வந்தது.

அது வெறும் பரீட்சை என்றால் பரவாயில்லை. கொழும்பில் ஒரு கம்பனி எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை எடுக்கப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மாதப் பயிற்சி, பிடித்துப்போனால் நிரந்தரம். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது, ஏனென்றால் கொழும்புக்குப் போவதென்றால் குடும்பத்தில் ஒரு மாநாடே கூட்ட வேண்டும். அது கிடைத்தால் கொமியுனிகேஷனை விட்டுவிடலாம். ஜனாஸா வேலையை வேறு யாருடைய தலையிலாவது கட்டிவிடலாம். இரண்டு வருடமாக நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. எனக்கு வேறு பெரிய கனவு ஒன்றும் இருக்கவில்லை, ஓர் ஆறு மணிநேரம் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும், அவ்வளவுதான். போர்ட்ஃபோலியோவின் லிங்க்கை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

விரிவுரையாளரிடம் வேறு எதைக் காட்டுவது என்று தெரியாமல்தான் அந்த வார ஆரம்பத்தில் ஜனாஸா அறிவித்தலைக் காட்டினேன். "இன்று" என்ற சொல்லின் கதையையும் சொன்னேன். அவர் அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "இதுவரைக்கும் இதை ஏன் மறைச்சு வச்சிருந்தீங்க? இதைத்தான் முதலாவதா போடணும்" என்றார். எதிலிருந்து தப்பி ஓட நினைத்தேனோ அதைத் தூக்கி முன்னால் வைக்கச் சொல்கிறார்.

எழுதினேன். பிரச்சினை: இறப்பு அறிவித்தலில் நாள் தெளிவில்லை. பயனர்: அறுபத்தொரு வயது, பஸ்ஸில் பயணிப்பவர். எல்லாம் ஆங்கிலத்தில். வாப்பாவை "பயனர்" என்று எழுதும்போது வெட்கமாகவும் இருந்தது, ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. இன்னொரு விடயத்தையும் எழுதினேன். எங்கள் நோட்டீஸில் புகைப்படம் போடுவதில்லை. ஒரே பெயரில் பல பேர். ஆகவே பெயரை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது, யாருடைய மகள், யாருடைய சகோதரி என்பதை வைத்துத்தான் காண முடியும். அதனால் அந்த வரிகளைப் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். இவ்வளவு நாளும் யோசிக்காமல் செய்ததற்கெல்லாம் காரணம் எழுத எழுத, நான் கொஞ்சம் கெட்டிக்காரிதான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றியது.

சிக்கல் பெயரில் வந்தது. உண்மையான மௌத்துக்காரரின் பெயரைக் கொண்டுபோய் வேலை தேடும் பக்கத்தில் போட முடியாது. புள்ளிகள் வைத்து இடத்தை வெறுமையாக விட்டேன். விரிவுரையாளர் விடவில்லை. பெயர் இருந்தால்தான் எது பெரிது, எது சிறிது என்று பார்க்கிறவருக்குத் தெரியும் என்றார். சரி, ஒரு பெயரைக் கற்பனை செய்வோம் என்று உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் எந்தப் பெயரைக் கற்பனை செய்தாலும் அதே பெயரில் குறைந்தது நான்கு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் எனக்குச் சொந்தமாக இருப்பார். உயிரோடு இருக்கும் ஒருவரை மாதிரிக்காக மௌத்தாக்க எனக்கு என்ன உரிமை? நினைத்து நினைத்துக் கடைசியில், யாருடைய அனுமதியும் கேட்கத் தேவையில்லாத ஒரு பெயரைப் போட்டேன். என் பெயர். அதற்குக் கீழே, வாப்பாவின் பெயரைப் பெரிதாகப் போட்டு, "அவர்களின் மகளும்" என்று எழுதினேன். பிறகு உம்மாவின் பெயர். உண்மைபோல இருக்கட்டும் என்று நாளுக்கு அந்த வெள்ளிக்கிழமையையே போட்டேன், அஸர் தொழுகையைத் தொடர்ந்து. மையவாடியின் பெயரைப் போடத்தான் கை கூசியது. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் ஊர் அடங்கியிருந்தது. உம்மா முதல் நாளே மருதமுனையில் சாச்சி வீட்டுக்குப் போயிருந்தார். வாப்பா கல்முனையிலேயே தொழுதுவிட்டு கடையைத் திறந்துவிடுவார். நான் லுஹரைத் தொழுதுவிட்டு பக்கத்தை வெளியிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் நாலைந்து பேரின் ஃபோனில் திறக்கச் சொல்லிப் பாருங்கள் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நாலைந்து பேருக்கு நான் எங்கே போவேன்? லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டேன். மூன்று நாள் கண் எரிச்சல், விரல் சோர்வு. நீளமாக எழுத முடியவில்லை. "பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதினேன். ஃபோனைச் சத்தமில்லாமல் ஆக்கி சார்ஜில் போட்டுவிட்டு, முன்னறைச் சீமெந்துத் தரையில் பாயைக்கூட விரிக்காமல் சாய்ந்தேன்.

லிங்க் ஒன்றைப் போட்டால் அதன் மேல் ஒரு சின்னப் படம் தானாக வரும், பக்கத்தில் உள்ள முதல் படம். இது எனக்குத் தெரியாததல்ல, பாடத்தில் படித்ததுதான். அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். குடும்ப குரூப்பில் இருபத்தெட்டுப் பேர். ஒருவர்கூட லிங்க்கைத் திறக்கவில்லை. அவர்கள் கண்டது ஜனாஸா அறிவித்தல், என் பெயர், வாப்பாவின் பெயர், வெள்ளிக்கிழமை அஸர். கீழே, "பாத்துச் சொல்லுங்க." பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள் என்பதற்காக எழுதியது. ஜனாஸா நோட்டீஸின் கீழே அது வந்தால், பார்த்துவிட்டு எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றுதானே யாரும் விளங்கிக்கொள்வார்கள்? சொன்னார்கள். என் ஃபோனிலிருந்து வீட்டார் யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" போட்டு, படத்தை வெட்டி எடுத்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். நானே திருத்திய நோட்டீஸ், நாளும் நேரமும் கொட்டை எழுத்தில். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் கண்விழித்தபோது வாப்பா என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது. அவர் அந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர் இல்லை. கையை என் முகத்துக்கு மேலே தூக்கி, தொடாமல் வைத்திருந்தார்.

"நித்திரையா மகள்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மூன்று நாளைக்குப் பிறகு கிடைத்த தூக்கம். "ஓம், என்ன வாப்பா?" என்றேன் எரிச்சலோடு.

"கொஞ்சம் தண்ணி கொண்டு வா மகள்."

தண்ணீர்ப் பானை அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு மனிதர் கடையிலிருந்து வந்து, தூங்குகிறவளை எழுப்பித் தண்ணீர் கேட்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனேன். நான் எழும்புவதையும், நடப்பதையும், குவளையைக் கழுவுவதையும் அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கொடுத்தேன். வாங்கும்போதே பாதி சாரனில் சிந்தியது. அப்போதுதான் கேட்டில் ஏதோ சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். பள்ளிவாசலின் நீலப் பிளாஸ்டிக் கதிரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒழுங்கை முழுக்க ஆட்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்தப் புள்ள?"

"அந்தக் கொம்பியூட்டர்காரிதான். எந்நேரமும் அதுக்கு முன்னுக்குத்தான் இரிக்கிற. தலைக்குள்ள ஏதும் வெடிச்சிரிக்கும்."

நான் கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்ததும் அவர்களில் ஒருத்தி "அல்லாஹ்!" என்று கத்திவிட்டு மதிலில் சாய்ந்தாள். மற்றவள் உள்ளே ஓடி வந்து என்னைக் கிள்ளிப் பார்த்தாள். கதிரை இறக்கியவர்கள், இறக்குவதா ஏற்றுவதா என்று தெரியாமல் கையில் கதிரையோடு நின்றார்கள்.

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். எழுபதுக்கு மேல் தவறிய அழைப்புகள். அதில் பதினொன்று பள்ளிவாசல் செயலாளருடையது. அவர் அனுப்பிய செய்தியும் இருந்தது: "மையவாடி எது எண்டு போடல்ல மகள். உடன திருத்தி அனுப்புங்க." யார் மௌத்தானாலும் விபரத்தை எனக்கே அனுப்பிப் பழகியவர், நான் மௌத்தானதில் உள்ள பிழையையும் என்னிடமே திருத்தச் சொல்லியிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

செயலாளர் நேரில் வந்து என்னைப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு, "மறுப்பு ஒண்டு போடணும் மகள். இப்ப போடணும்" என்றார். ஆகவே நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான அறிவித்தலையும் நானே உட்கார்ந்து செய்தேன். "குறித்த சகோதரி நலமாக உள்ளார்" என்று எழுதினேன். கறுப்பில் வேண்டாம், பச்சையில் போடுங்க என்றார். பச்சையில் போட்டேன்.

உம்மா மருதமுனையிலிருந்து முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார். வழியிலேயே யாரோ கோல் எடுத்து உண்மையைச் சொல்லியிருந்தார்கள், இருந்தும் அழுதுகொண்டுதான் வந்தார். முதலில் என்னைக் கட்டிப்பிடித்தார், பிறகு முதுகில் இரண்டு வைத்தார், பிறகு மறுபடியும் கட்டிப்பிடித்தார்.

"பேர் எழுத ஒனக்கு வேற இடம் கிடைக்கல்லியா? மௌத்து நோட்டீசுலதான் எழுதணுமா? அத அழி. அத அழிச்சித்துத்தான் மறுகா வேல."

அழித்தால் என்ன மிஞ்சும் என்று உம்மாவுக்குத் தெரியாது. இல்லாத கோப்பிக் கடை மிஞ்சும், நான் ஏறாத ரயில் மிஞ்சும். நேரம் நாலரை. வந்தவர்கள் ஒவ்வொருவராக, கொஞ்சம் ஏமாந்தவர்கள் மாதிரி, கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த வேலை தேவையா என்று ஒருவர் போகிறபோக்கில் வாப்பாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

எல்லோரும் போனபிறகு வாப்பா முகம் கழுவிக்கொண்டு வந்து, "எங்க, அதக் காட்டு பாப்பம்" என்றார்.

லெப்டொப்பைத் திருப்பி வைத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "அறுபத்தொரு வயசு ஆள் ஒருத்தர், கூட்டாளிட ஜனாஸாவுக்கு பஸ்ஸுல போறாரு. நோட்டீசுல இன்று எண்டு இரிக்கி. போய்ச் சேந்தா ஒரு நாள் பிந்தித்து." சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா?

"அது நான்தானே?" என்றார்.

"ஓம் வாப்பா."

"அதுக்காகவா அந்தச் சொல்ல எடுத்த?"

"ஓம்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, கடையிலிருந்து வந்த கதையைச் சொன்னார். கடை வாசலில் ஒருவர் வந்து கையைப் பிடித்து, "சபூர் செய்யுங்க" என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். யாருக்காக என்று வாப்பா கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது என்றார். "வந்து பாத்தா நீ வெறுந்தரைல கிடக்கிற. கூப்பிட்டன், எழும்பல்ல. நெஞ்சு ஏறி இறங்குதா எண்டு பாத்துத்தே இருந்தன். பாக்கப் பாக்க எனக்கு ஒண்டும் தெரியல்ல மகள். கண் கலங்கினா எல்லாம் அசையிற மாதிரித்தான் இரிக்கி."

நான் களைத்துப்போய்த் தூங்கியதை ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இத அழிக்க வேணாம்," என்றார் வாப்பா. "நல்ல வேல இது. பேர மட்டும் மாத்து. என்ட பேரப் போடு."

"வாப்பா…"

"முதல்ல போகவேண்டிய ஆள் நான். ஒழுங்கு அதுதானே. ஆரும் பாத்தாலும் ஒண்டும் நினைக்க மாட்டாங்க. போடு, மஃரிபுக்கு முதல்ல அனுப்பணும் எண்டு சொன்னாய்தானே."

சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவர் போல அவ்வளவு சாதாரணமாகப் போனார்.

நான் மாற்ற உட்கார்ந்தேன். என் பெயரை அழித்துவிட்டு அவருடைய பெயரை அடித்தேன். எத்தனையோ பேருக்குச் செய்த கைதான், தடங்கல் இல்லாமல் போனது. பிறகு கீழே உள்ள வரிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. மகளும் என்பதை எடுத்துவிட்டு, உம்மாவின் பெயரைப் போட்டு, அவர்களின் கணவரும் என்று அடித்தேன். அடுத்தது என் முறை. என் பெயரைப் போட்டு, அவர்களின் தந்தையும் ஆவார் என்று அடிக்க வேண்டும். என் பெயரை அடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. இந்த அறிவித்தலை ஒரு நாளைக்கு உண்மையாகவே நான்தான் செய்யப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு யாருக்கு விபரத்தை அனுப்புவார்கள்? இதே பெயர், இதே வரிகள், இதே கை. அதை மாதிரிக்கென்றுகூட முன்கூட்டிச் செய்து வைக்க என்னால் முடியாது. இரண்டு வருடமாக ஊரின் மௌத்தையெல்லாம் பாண் தின்றுகொண்டே டைப் செய்தவள், ஒரு வரியில் நின்றுபோனேன்.

எல்லாவற்றையும் அழித்தேன். பழையபடி என் பெயரைப் போட்டேன், வாப்பாவின் பெயரை, பெரிதாக, அவர்களின் மகளும் என்று போட்டேன். லிங்க்கின் மேல் வரும் படத்துக்குக் கோப்பிக் கடையை மாற்றிவிட்டு, ஆறுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். அந்த இடம் எனக்குக் கிடைத்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனாஸா வேலை மட்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாப்பா மஃரிப் தொழுகை முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"மாத்தினியா?"

"ஓம் வாப்பா."

"என்ட பேர்தானே?"

"ஓம்."

"உம்மாட பேரப் போட்டியா?"

"போட்டன்."

"உன்ட பேர் எங்க வருது?"

"கடைசி வரியில வாப்பா. மகள் எண்டு."

அவர் தலையை ஆட்டினார். பெரிய ஒரு பாரம் இறங்கினவர்போல கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். "அப்ப சரி," என்றார். "இப்பதான் ஒழுங்கா இரிக்கி."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.